செகண்ட் ஹாண்ட் பாராசூட்டும் கொஞ்சம் வரலாறும்

"செகண்ட் ஹாண்ட்ல ஒரு பிரஷர் குக்கர்கூட வாங்க மாட்டீங்க, உசுரைக் கட்டித் தொங்குற சாமானைப் போய் வாங்குறீங்களேங்க?"

கேட்டது தங்கமணி. கேள்வி நியாயமானதுதான். அன்னிக்கு நான் சொன்ன பதில் ரொம்ப சப்பை: "புதுசு வாங்கினா ஒரு பழைய கார் விலைம்மா." உண்மையான பதில் எனக்கே அப்ப தெரியாது. காசு கொடுத்துக் கத்துக்கிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், ஒரு டீயோட உட்காருங்க.

விஷயம் இதுதான். அமெரிக்காவில் ஸ்கைடைவிங் கத்துக்க ஆரம்பிச்சு நாப்பது குதி முடிஞ்சிருந்தது. ஒவ்வொரு தடவையும் ரிக்குக்கு வாடகை. (ரிக் என்றால் முதுகில் மாட்டுற மொத்த செட்டு: பை, பட்டை, பெரிய பாராசூட், அது காலை வாரினால் காப்பாத்த ஒரு ரிசர்வ் பாராசூட், ஒரு சின்ன தானியங்கிக் கருவி.) வாடகைக் கணக்கைப் பார்த்து வயிறெரிஞ்சு, ஒரு ராத்திரி நெட்டில் தேடினேன். ஒரு ரிக் மாட்டியது. போட்டோவில் பளபளன்னு நீலமும் மஞ்சளும். "நேரா எடுத்து மாட்டிக் குதிக்கலாம்" என்று எழுதியிருந்தார்கள். விலையோ அடிமாட்டு விலை. பணத்தை அனுப்பிட்டேன். பத்து நாளில் பெட்டி வந்தது.

அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் குதிக்கும் மைதானத்து ரிக்கரிடம் போனேன். ரிக்கர் என்பவர் பாராசூட்டைப் பரிசோதிக்கவும் மடிக்கவும் அரசாங்க உரிமம் வாங்கினவர். அமெரிக்காவில் விரும்பிக் குதிக்கிற யாரும் இரண்டு பாராசூட்டோடுதான் குதிக்கணும், ரிசர்வை உரிமம் உள்ள ரிக்கர்தான் மடிக்கணும், இது சட்டம். எழுபது வயசைத் தாண்டின மனுஷர். பையைத் திறக்காமலே அதன் தைப்பை ஒரு பார்வை பார்த்தார். "இதை எவ்வளவுக்கு வாங்கினே?" என்றார். சொன்னேன். பெருமூச்சு விட்டார். அப்புறம் மேசை மேல் போட்டு ஒவ்வொண்ணாப் பிரிச்சார். எனக்கு ரெண்டு மணி நேர வரலாற்று வகுப்பு இலவசம்.

முதலில் அவர் சொன்னது, "பழைய பாராசூட் வாங்கினதுக்கு வெட்கப்படாதே. இந்த விளையாட்டே பழைய பாராசூட்டில் பிறந்ததுதான்."

அப்புறம் வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சப்ப அது எவ்வளவு உண்மைன்னு புரிஞ்சது. ஆரம்பத்திலிருந்து சொல்றேன்.

1797 அக்டோபர் 22, பாரிஸ். ஆந்திரே ஜாக் கார்னரின் என்ற பிரெஞ்சுக்காரர் பலூனில் ஏறி, ஏறக்குறைய 3,000 அடியில் கயிற்றை அறுத்துவிட்டு, பட்டுக்குடையின் கீழ் ஒரு கூடையில் இறங்கினார். குடை உச்சியில் ஓட்டை இல்லாததால் காத்து பக்கவாட்டில் பிதுங்கி, கூடை ஊஞ்சல் மாதிரி ஆடித் தீர்த்தது. ஆனா ஆள் பிழைச்சார். அடுத்த நூறு வருஷம் பாராசூட் என்பது திருவிழா வித்தைதான்.

விமானம் வந்ததும்தான் கதை மாறுது. 1910ல் ரஷ்யாவில் மாட்சியேவிச் என்ற விமானி விமானத்திலிருந்து விழுந்து இறந்ததைக் கண்ணால் பார்த்த கோட்டெல்னிகோவ், தொழிலால் நாடக நடிகர், அடுத்த வருஷமே முதுகுப்பை பாராசூட்டை உருவாக்கினார். 1912 பிப்ரவரியில் ரைஷெல்ட் என்ற தையற்காரர், தானே தைத்த பாராசூட் உடையோடு ஈஃபில் கோபுரத்தின் முதல் தட்டிலிருந்து குதித்து உயிரை விட்டார். பொம்மையை வைத்துச் சோதிக்கத்தான் அனுமதி வாங்கியிருந்தார். மனுஷனுக்குத் தன் தையல் மேல் அவ்வளவு நம்பிக்கை. ஃபிலிம்கூட இருக்கு, பார்க்காதீங்க.

அப்புறம் 1919 ஏப்ரல் 28. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலம், டேட்டன் பக்கத்தில் மெக்குக் ஃபீல்டு. விமானத்திலிருந்து சும்மா விழுந்தால் மனுஷனுக்கு நினைவே தப்பிடும், கையால் எதையும் இழுக்க முடியாது என்று பலர் நம்பின காலம். லெஸ்லி இர்வின் குதித்து, விழுந்துகொண்டே ரிப்கார்டை இழுத்துத் திறந்து காட்டினார். தரையில் கணுக்கால் உடைஞ்சதுதான் மிச்சம். ஆனா அந்த ஒரு குதியில் மொத்த பயமும் போச்சு. 1922 அக்டோபரில் ஹரால்டு ஹாரிஸ் என்ற விமானி அந்த மாதிரி பாராசூட்டால் உயிர் தப்பினதைத் தொடர்ந்து "கம்பளிப்புழு சங்கம்" உருவானது. பாராசூட்டால் பிழைத்தவர்களுக்கு மட்டும் உறுப்பினர் அட்டை. பட்டு நூலைத் தந்த புழுவுக்கு மரியாதை!

இரண்டாம் உலகப் போரில் பட்டு போய் நைலான் வந்தது. லட்சக்கணக்கில் தைத்தார்கள். 1945ல் போர் முடிஞ்சப்ப கிடங்கு கிடங்காக மிஞ்சிப் போச்சு. அந்தத் துணியில் கல்யாண கவுன் தைத்துப் போட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. 1944ல் தன் உயிரைக் காப்பாத்தின பாராசூட்டை ஹென்சிங்கர் என்ற அமெரிக்க விமானி பத்திரமா வெச்சிருந்து காதலியிடம் கொடுக்க, 1947ல் அந்தத் துணியில் தைத்த கவுனில் கல்யாணம் நடந்தது. இன்னிக்கும் அந்த உடை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கு.

மிஞ்சின மத்ததெல்லாம் ராணுவ உபரிக் கடைக்கு வந்தது. அதை வாங்கித்தான் ஜனங்க வார இறுதியில் குதிக்க ஆரம்பிச்சாங்க. 28 அடி வட்டமான பாராசூட் முதுகில், 24 அடி ரிசர்வ் வயித்தில். வட்டப் பாராசூட்டைத் திருப்ப முடியாது, காத்து இழுத்த பக்கம் போகும். அதனால் பின்பக்கத்துத் துணியைக் கத்தரியால் வெட்டி ஓட்டை போட்டார்கள். ஓட்டை வழியா காத்து பீறிட, குடை மெதுவா முன்னால் நகரும், திரும்பும். 1959ல் ஜாக் இஸ்டெல் மாசசூசெட்ஸில் ஆரஞ்சு என்ற ஊரில் விளையாட்டுக்கென்றே பாராசூட் மையம் தொடங்கினார். 1964ல் வந்த பாரா கமாண்டர்தான் அந்த ஓட்டை வித்தையைத் தொழிற்சாலையிலேயே செஞ்சு கொடுத்த பாராசூட்.

ஆக, செகண்ட் ஹாண்ட் என்பது கஞ்சத்தனம் இல்லை மக்களே, பாரம்பரியம்! :-)

சரி, மேசைக்கு வருவோம். ரிக்கர் முதலில் பிரிச்சது என் பெரிய பாராசூட்டை. அது வட்டம் இல்லை, மெத்தை மாதிரி செவ்வகம். 1964ல் டோமினா ஜால்பர்ட் என்ற பட்டம் செய்கிறவர் கண்டுபிடிச்ச வடிவம். முன்பக்கம் வாய் திறந்த அறைகள், காத்து உள்ளே புகுந்து உப்பி விமான இறக்கை மாதிரி ஆயிடும். குடை விழும், இது பறக்கும். ஆரம்பத்தில் ஒரே சிக்கல், படார்னு திறந்து ஆளை உலுக்கி எடுத்துவிடும். கயிறுகளைக் கோத்து நழுவி இறங்குற ஒரு சின்னத் துணிச்சதுரம்தான் அதைத் தீர்த்தது.

துணியைக் கையில் பிடிச்சு வாயை வெச்சு ஊதினார். மூச்சு அந்தப் பக்கம் போச்சு. "எஃப்-111 துணி. புதுசில் காத்து போகாது. சில நூறு குதியில் சல்லடை. நீ தரையில் பிரேக் பிடிப்பே, அது பிடிக்காது." 1980களின் கடைசியில் காத்தே புகாத துணி வந்த பிறகு இதன் மவுசு போயிடுச்சாம். என்னுடையது 1984.

அடுத்து தோளில் மூணு வளையம். பெரிய பாராசூட் சிக்கிக்கிட்டா அதை வெட்டி விட்டுட்டுத்தான் ரிசர்வைத் திறக்கணும். அந்தக் காலத்தில் ரெண்டு தோளிலும் ராணுவக் கொக்கி, ரெண்டு கையாலும் தனித்தனியா கழட்டணும். சுத்திக்கிட்டே விழும்போது ஒண்ணு கழண்டு ஒண்ணு கழளாமப் போய் செத்தவங்க உண்டு. 1970களில் பில் பூத் மூணு வளையத்தை ஒண்ணுக்குள் ஒண்ணாக் கோத்தார். ஒவ்வொரு வளையமும் சுமையைக் குறைச்சுக் கொடுத்து, கடைசியில் ஒரு நூல் வளையம்தான் மொத்தத்தையும் பிடிச்சிருக்கும். ஒரு கைப்பிடியை இழுத்தா ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில் போகும். என் ரிக்கில் இது மட்டும் உருப்படி.

மூணாவது, அந்தத் தானியங்கிக் கருவி. ஆள் மயங்கிட்டாலோ, மறந்துட்டாலோ தானே ரிசர்வைத் திறக்கும். சோவியத் நாட்டில் கடிகார ஸ்பிரிங்கில் ஓடின கேஏபி-3 மாதிரி கருவிகள் உண்டு. ஆனா நல்லா இருக்கிற பாராசூட்டின் கீழே போகும்போதே வெடிச்சிடுமோ என்ற பயத்தில் பல அனுபவசாலிகள் இந்த வகைக் கருவிகளையே தொட மாட்டார்களாம். 1991ல் ஜெர்மனியிலிருந்து ஹெல்முட் க்ளோத் கொண்டுவந்த சைப்ரஸ்தான் அந்த அவநம்பிக்கையை உடைச்சது. ஏறக்குறைய 750 அடி உயரத்தில் இன்னும் விநாடிக்கு 35 மீட்டர் வேகத்தில் விழுந்துகிட்டிருந்தா, ரிசர்வ் பையை மூடின கயிறைக் கத்தரிச்சிடும்.

என்னிடம் வந்ததும் அதே முதல் தலைமுறை சைப்ரஸ், யாரோ பிற்பாடு வாங்கி மாட்டினது. எனக்கு ஒரே சந்தோஷம். ரிக்கர் கருவியைத் திருப்பி தேதியைக் காட்டினார். 1995. அந்த மாடலுக்கு ஆயுள் 12 வருஷம்தான். எப்பவோ காலாவதி. "பேப்பர் வெயிட்டா வெச்சுக்கோ."

கடைசியா ரிசர்வ். ஈயமுத்திரையை உடைச்சுப் பிரிச்சார். உள்ளே வட்டப் பாராசூட், விளிம்பில் வலைத்துணி. அவர் முகம் மாறிடுச்சு. ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். புரோமோகிரெசால் கிரீன், நாம ஸ்கூல் லேபில் பார்த்த சமாச்சாரம்தான். 1980களின் முதல் பாதியில் சில கம்பெனிகள் வாங்கின வலைத்துணியில் அமிலம் இருந்தது. மடிச்சு வெச்சிருக்கும்போது அந்த வலை எங்கெல்லாம் பட்டதோ அங்கெல்லாம் நைலான் இத்துப்போகும். பார்வைக்குப் புதுசு மாதிரியே இருக்கும். 1986 வாக்கில் இது தெரிய வந்து ஆயிரக்கணக்கில் பரிசோதிக்க வேண்டி வந்ததாம்.

ஒரு சொட்டு விட்டார். நீலமா இருந்தா பிழைச்சோம்.

மஞ்சளாச்சு.

அப்புறம் அந்த இடத்தை ரெண்டு கையாலும் பிடிச்சு இழுத்தார். எழுபது வயசுக் கை. டர்ர்ர்னு கிழிஞ்சது, பழைய வேட்டி மாதிரி. நான் ஒண்ணும் பேசலை. விளம்பரத்தில் "நேரா எடுத்து மாட்டிக் குதிக்கலாம்" என்று போட்டிருந்தது மட்டும் மண்டைக்குள் ஓடிக்கிட்டே இருந்தது. வித்தவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். அது எனக்கு இன்னும் பயமா இருந்தது. பெட்டி வந்த அன்னிக்கு ரெண்டு பொண்ணுங்களும் அதை மாட்டிக்கிட்டு ஹாலில் ஓடிப் பிடிச்சு விளையாடினது ஞாபகம் வந்தது.

ரிக்கர் திட்டலை. "அடுத்த தடவை பணத்தை அனுப்பாதே. ரிக்கை முதலில் எனக்கு அனுப்பச் சொல்லு. நான் பார்த்த பிறகு பணம் போகட்டும். ஒத்துக்காத ஆளிடம் வாங்காதே." அவ்வளவுதான், மொத்த சூத்திரமும் இதுதான்.

அடுத்த ரிக்கை அப்படித்தான் வாங்கினேன். அதுக்குள்ள இன்னொரு சபலம். பார்க்க அழகா 150 சதுர அடி பாராசூட் ஒண்ணு கிடைச்சது. நானும் ரிக்கும் சேர்ந்து 200 பவுண்டு. வகுத்தா சதுர அடிக்கு 1.33 பவுண்டு. புதுசா குதிக்கிறவனுக்கு 1 பவுண்டைத் தாண்டக்கூடாது என்பது பொதுக் கணக்கு. அதே பில் பூத்தின் பேரில் ஒரு விதி சொல்வாங்க: கருவி எவ்வளவு பாதுகாப்பா ஆகுதோ, அந்த அளவுக்கு மனுஷன் ஆபத்தைத் தேடிக் கணக்கை நேர் பண்ணிடுவான் என்று. இன்னிக்கு நல்லாத் திறந்த பாராசூட்டின் கீழேயே, சின்ன இறக்கையில் வேகமா இறங்கி அடிபட்டுச் சாகிறவங்க நிறைய. 210 சதுர அடியே வாங்கினேன். பஸ் மாதிரி போகும். போகட்டும்.

அந்த ரிசர்வோடு ஒரு சின்ன அட்டை வந்தது. ஒவ்வொரு தடவை மடிச்ச தேதி, ரிக்கரின் கையெழுத்து, முத்திரைக் குறி. அமெரிக்காவில் 2008 வரை 120 நாளுக்கு ஒரு தடவை மடிக்கணும், அதுக்கப்புறம் 180 நாள். யார்யாரோ முன்பின் தெரியாதவங்க, திறக்கவே வேண்டியிராத ஒரு பாராசூட்டை வருஷக்கணக்கா பிரிச்சுக் காயவெச்சு மடிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. தங்கமணி அந்த அட்டையை வாங்கி முழுசா ஒரு தடவை படிச்சா. "சரி, இதுல இடைவெளி இல்லை" என்றாள். அதுக்கப்புறம் குக்கர் பேச்சு வரலை.

முதல் ரிக் என்னாச்சுன்னு கேட்பீங்க. மூணு வளையத்தையும் ரிக்கர் தன் மாணவர்களுக்குக் காட்ட எடுத்துக்கிட்டார். கருவி என் மேசையில் பேப்பர் வெயிட். அந்த நீல மஞ்சள் பெரிய பாராசூட், சின்னவள் பொறந்த நாளுக்குக் கொல்லையில் பந்தலாக் கட்டினோம். காத்து ஊடுருவிப் போகிறதால் உள்ளே நல்ல குளுமை.