காலஞ்சென்ற

காலஞ்சென்ற என்பது இறந்தவரின் பெயருக்கு முன்னால் மரியாதை கருதி எழுதப்படும் பெயரெச்சம். பெயரில்லாமல் தனித்து வந்தால் காலஞ்சென்றவர் என்றாகும். எழுத்து வழக்குக்கே உரியது. வீட்டுப் பேச்சில் 'தவறிட்டார்', 'செத்துப்போனார்' என்பதே வழக்கம்.

இச்சொல்லை நன்றாகக் காண யாழ்ப்பாணத்து மரண அறிவித்தல்களைப் படிக்க வேண்டும். பிறப்பிடம், வதிவிடம், இறைவனடி சேர்ந்த நாள் ஆகியவற்றுக்குப் பின் 'அன்னார்' என்று தொடங்கும் வாக்கியத்தில், காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் அன்பு மகனும், காலஞ்சென்ற இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும் என உறவுகள் அடுக்கப்படும். அங்கே இச்சொல் அன்று இறந்தவருக்கு அல்ல, அவருக்கு முன்பே போய்விட்ட உறவினர்களுக்கு உரியது. கூடப்பிறந்தவர்களில் யார் இருக்கிறார், யார் இல்லை என்பதைக் கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தக்காரர் இந்த ஒரு சொல்லை வைத்தே அறிந்துகொள்வார்.

தமிழ்நாட்டுக் கல்யாணப் பத்திரிகைகளில் இதே இடத்தைத் 'தெய்வத்திரு' பிடித்துக்கொள்கிறது. 'லேட்' என்று போடுவோரும் உண்டு. கிரயப் பத்திரங்களில் 'காலஞ்சென்ற இன்னாரின் குமாரர்' என்று எழுதினாலும் அச்சொல் எதற்கும் அத்தாட்சி ஆகாது. இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழுமே பேசும்.

'அமரர்' வேறு வகை. தேவர்களைக் குறித்த வடசொல் அது. திருக்குறளிலும் அப்பொருளில் வருகிறது. பிற்காலத்தில் இறந்தோருக்குப் பட்டம்போல ஒட்டிக்கொண்டது. எழுத்தாளர் கல்கி மறைந்தது 1954இல். இன்றும் அவர் அமரர் கல்கிதான். 1999இல் மறைந்த தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானையும் இலங்கை மலையகத்தில் அப்படியே குறிப்பிடுகிறார்கள். காலஞ்சென்ற என்பதற்கு அந்த ஆயுள் இல்லை. வாசிப்பவர் 'இன்னும் இருக்கிறாரோ' என்று எண்ண இடமுள்ள வரைதான் அதற்கு வேலை. காலஞ்சென்ற கம்பர் என்று எவரும் எழுதுவதில்லை.

முஸ்லிம்கள் மர்ஹூம் என்றும், பெண்ணாயின் மர்ஹூமா என்றும் எழுதுவர். காலஞ்சென்ற என்பதில் எந்தச் சமயத்தின் சாயலும் இல்லை. நம்பிக்கை அறியாத ஒருவரைப் பற்றி எழுதும்போது இதைவிடப் பாதுகாப்பான சொல் தமிழில் அரிது.

'காலஞ்சென்ற இன்னார் நேற்றுக் காலமானார்' என்று எழுதுவது பிழை. இறப்புச் செய்தியில் பெயரை வெறுமனே எழுத வேண்டும். அடைமொழி அதற்குப் பிறகு வரும் குறிப்புகளுக்கே உரியது.