உயிரோடு இருப்பதற்குச் சான்று

ஓசூர் சிப்காட்டில் உழைத்து ஓய்வு பெற்றவர்கள் பலர் இப்போது ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் பிள்ளையிடம் என்று இருக்கிறார்கள். 1980-களில் டிவிஎஸ் மொபெட்டும் அசோக் லேலண்ட் லாரியும் டைட்டன் கடிகாரமும் செய்யத் தொடங்கிய ஊர் இது. அந்தச் சம்பளத்தில் படித்த பிள்ளைகள் பெங்களூருக்குப் போய், அங்கிருந்து டல்லாஸ், டொரன்டோ என்று போனார்கள். பேரன் பிறந்தால் தாத்தாவும் பாட்டியும் அத்திப்பள்ளியைத் தாண்டி, தேவனஹள்ளியில் விமானம் ஏறுகிறார்கள்.

பென்ஷன்காரர் உயிரோடு இருக்கிறார் என்று ஆண்டுக்கொரு முறை லைஃப் சர்டிபிகேட் கொடுத்தாக வேண்டும். தவறினால் பணம் நின்றுவிடும். 1995-இல் பிறந்த பி.எஃப். பென்ஷன் திட்டத்தில் குறைந்தபட்சத் தொகை ஆயிரம் ரூபாய் என்று ஆனதே 2014-இல்தான். சிறிய பணம்தான். ஆனால் மகனிடம் கேட்காமல் மாத்திரை வாங்கிக்கொள்ளும் பணம். அதற்காக வங்கியில் நேரில் போய் நிற்க வேண்டியிருந்தது. வெளிநாட்டில் இருந்தால் தூதரகக் கையெழுத்துக்கு அலைய வேண்டியிருந்தது.

2014 நவம்பர் 10 அன்று ‘ஜீவன் பிரமாண்’ என்ற டிஜிட்டல் லைஃப் சர்டிபிகேட் வந்தது. ஆதார் கைரேகை வைத்தால் போதும், காகிதமே வேண்டாம் என்றார்கள். ஆனால் முப்பது வருடம் இரும்பைப் பிடித்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? இ-சேவை மையத்தில் பெரியவர்கள் விரலை வேட்டியில் துடைத்துத் துடைத்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், மறுபடி கட்டைவிரல். “ரேகை விழலை ஐயா, இன்னொரு நாள் வாங்க” என்பார்கள். உழைத்ததற்கான அடையாளமே உழைத்தவரைத் தடுத்தது. எனக்கு அது பொறுக்கவில்லை.

2021 நவம்பரில் விரலை விட்டு முகத்துக்கு வந்தார்கள். செல்போனில் இரண்டு செயலிகள். முதலில் உதவி செய்பவரின் முகம், பிறகு பென்ஷன்காரரின் முகம். கண்ணைச் சிமிட்டச் சொல்லும், சிமிட்டினால் முடிந்தது. அதை டல்லாஸ் வீட்டு வரவேற்பறையில் இருந்தும் செய்யலாம். பி.எஃப். பென்ஷனுக்கு நவம்பர் கெடுவும் இல்லை. எந்த மாதம் கொடுத்தாலும் ஓராண்டு செல்லும். இத்தனை ஆண்டு தாமதித்து வந்தாலும், இது நல்ல காரியம்.

பயணம் கிளம்பும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பென்ஷன் ஆணையில் உள்ள பி.பி.ஓ. எண்ணை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தை ஆதார் படத்தோடுதான் ஒப்பிடுகிறார்கள்; அது பழைய படமாக இருந்தால் மாற்றிவிட்டுப் புறப்படுங்கள். அதற்கு மட்டும் இங்கே ஆதார் மையத்துக்கு நேரில்தான் வர வேண்டும்.