நடுவில் வைப்பதும் பட்டியலிடுவதும்: ஆர்க் மோடும் மார்க்டவுனும்

குற்றால அருவிகளைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பை எளிய உரையாக எழுதி, அதை எச்.டி.எம்.எல். பக்கமாக மாற்றிப் பாருங்கள். எளிய உரைக் குறியீட்டு முறைகளான ஆர்க் மோடுக்கும் மார்க்டவுனுக்கும் உள்ள வேறுபாடு உடனே தெரிந்துவிடும். பக்கத்தின் தலையில் திருக்குற்றாலக் குறவஞ்சி என்ற பெயரும், அதைப் பாடிய மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் பெயரும் நடுவில் நிற்க வேண்டும். அடுத்து, மலையிலிருந்து இறங்கும் வரிசையில் தேனருவி, செண்பகாதேவி அருவி, பேரருவி ஆகிய மூன்றும் எண்ணிட்டு வர வேண்டும். ஐந்தருவி, புலியருவி, பழைய குற்றாலம் ஆகியவற்றுக்கு வரிசை தேவையில்லை, புள்ளி போதும்.

ஆர்க் மோட், வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக் 2003இல் ஈமாக்ஸ் என்ற உரைத் திருத்திக்காக எழுதியது. ஜான் குரூபரின் மார்க்டவுன் 2004இல் வந்தது. இரண்டிலும் சிறு கோடோ எண்ணோ போட்டால் பட்டியல் தொடங்கிவிடும். உட்பட்டியலில்தான் சிக்கல். பேரருவி நீர் இடையில் விழுந்து பொங்கும் பொங்குமாங்கடலை, மூன்றாம் எண்ணின் கீழ் உட்பட்டியலாகச் சேர்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஆர்க்கில் எண்ணைவிட ஓர் இடைவெளி உள்ளே தள்ளினாலே போதும். மார்க்டவுனுக்கு 2014இல் வகுக்கப்பட்ட காமன்மார்க் விதிப்படி, ‘பேரருவி’ என்ற சொல் தொடங்கும் இடம்வரை, அதாவது மூன்று இடைவெளி தள்ள வேண்டும். இரண்டோடு நிறுத்தினால் பொங்குமாங்கடல் தனிப் பட்டியலாகப் பிரிந்துவிடும். இரண்டு உருப்படிகளுக்கு நடுவே தெரியாமல் ஒரு வெற்று வரி விட்டாலும், மார்க்டவுன் அந்தப் பட்டியலின் ஒவ்வோர் உருப்படியையும் பத்தியாக்கிவிடும். வரிகள் விலகி நிற்கும். ஒரு வெற்று வரியை ஆர்க் பொருட்படுத்தாது. இரண்டு வந்தால் பட்டியல் முடிந்தது என்று கொள்ளும்.

பட்டியலைப் பொறுத்தவரை இவை பழகினால் சரியாகிவிடும். நடுவில் வைப்பது அப்படியல்ல. ஆர்க்கில் பிகின் சென்டர், எண்ட் சென்டர் என்ற இரு வரிகளுக்கு இடையே எழுதினால், அந்தப் பகுதிக்கு ஒரு வகுப்புப் பெயர் கிடைக்கிறது. அதற்குரிய அலங்காரமும் ஆர்க்கின் இயல்பு நடைத்தாளிலேயே இருக்கிறது. மார்க்டவுனில் இதற்குக் குறியே இல்லை. எச்.டி.எம்.எல். ஒட்டை நாமே எழுத வேண்டும். ஒட்டுக்குப் பின் வெற்று வரி விடாவிட்டால் உள்ளே இருக்கும் மார்க்டவுன் குறிகள் மாறாமல் அப்படியே வெளியே தெரியும். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது சிறு குறையல்ல. திருமண அழைப்பிதழ், கோயில் விழா நிரல், நூலின் காப்புச் செய்யுள் எல்லாவற்றிலும் நடுவில் நிற்கும் வரிகள் நம் அச்சு மரபிலேயே ஊறியவை. செய்யுளுக்கு அடி பிரிவதும் உயிர். மார்க்டவுனில் அடியை முறிக்க, வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு இடைவெளிகள் விடுவதுதான் பழைய வழி. கோப்பைச் சேமிக்கும்போது வரிக்கடை இடைவெளிகளைத் துடைத்துவிடும் செயலிகள் உண்டு. அப்போது பாட்டு உரைநடையாகிவிடும். ஆர்க்கின் வெர்ஸ் தொகுதி, எழுதிய அடிகளை எழுதியபடியே காக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே குறவஞ்சிக் குறிப்பை நான் ஆர்க்கில்தான் எழுதுவேன்.

ஆனால் நடுத்தொகுதிக்குள் அருவிப் பட்டியலைப் போட்டால் ஆர்க்கும் காப்பாற்றாது. நடுவில் வை என்ற கட்டளையை ஒவ்வோர் உருப்படியும் வாங்கிக்கொள்கிறது. சொற்கள் நடுவுக்குப் போக, எண்கள் இடது ஓரத்திலேயே தங்கிவிடுகின்றன. எண்களை உள்ளே இழுக்கும்படி நடைத்தாள் மொழியான சி.எஸ்.எஸ்.ஸில் சொன்னால் அவையும் கூடவே வரும். ஆனால் ‘தேனருவி’ ஓரிடத்திலும் நீளமான ‘செண்பகாதேவி அருவி’ வேறிடத்திலும் தொடங்கும். கண் எண் வரிசையைப் பிடிக்க முடியாமல் தடுமாறும். நடுவில் நிற்க வேண்டியது பட்டியல் என்ற பெட்டிதான், அதன் வரிகள் அல்ல. பட்டியலின் அகலத்தை உள்ளடக்கத்தின் அளவுக்குச் சுருக்கி, இரு பக்க ஓரங்களையும் ‘ஆட்டோ’ என்று வைத்து, எழுத்தை இடப்பக்கமே விட்டால் எண்கள் ஒரே கோட்டில் நிற்கும். பட்டியலும் நடுவில் இருக்கும்.

இந்த அலங்காரம் அந்த ஒரு பட்டியலுக்கு மட்டும் சேர வேண்டுமே, அதற்கு என்ன வழி? ஆர்க்கில் பட்டியலுக்கு மேல் ‘ஆட்டர் எச்.டி.எம்.எல்.’ என்ற வரியில் வகுப்புப் பெயரைக் கொடுத்தால் போதும். மார்க்டவுனில் பட்டியலுக்கு நேரே பெயரிட முடியாது. பாண்டாக் என்ற மாற்றுக் கருவியைக் கொண்டு மாற்றினாலும், மும்முக்காற்புள்ளி வேலி போட்டுப் பட்டியலைச் சுற்றி ஒரு பெட்டி எழுப்பி, அந்தப் பெட்டிக்குத்தான் பெயரிட வேண்டும். பெயர் கிடைத்துவிட்டால் பிறகு இரண்டும் சமம். சி.எஸ்.எஸ்.ஸின் எண் பாணிகளில் தமிழ் எண்களும் உண்டு; அந்தப் பெயரைக் கொண்டு பட்டியலுக்கு ‘தமிழ்’ என்ற பாணியைக் குறித்தால் தேனருவிக்கு ௧, செண்பகாதேவிக்கு ௨, பேரருவிக்கு ௩ என்று உலாவியே போட்டுவிடும்.