பிரதிவாதி பயங்கரம் திருவம்சமும் சமானோதக நிர்ணயமும்

இராயபுரத்திலிருந்து 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் புறப்பட்டது. பின்வந்த தலைமுறைகளில் ஆசார்ய திருமாளிகைகளில் பிறந்தோர் பலர் உத்தியோக நிமித்தம் சென்னை சேர்ந்தனர். இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துப் பணியிடங்களில் அவர்தம் குலப்பெயர் இரண்டெழுத்தாய்ச் சுருங்கிற்று. 'பி. பி.' என்பதைக் கொண்டு 'பிரதிவாதி பயங்கரம்' என்று அறிவார் இன்று சிலரே. காகிநாடாவில் பிறந்த பின்னணிப் பாடகர் பி. பி. ஸ்ரீநிவாஸுக்கும், காஞ்சியில் எழுந்தருளியிருந்த மஹாவித்வான் அண்ணங்கராசார்ய ஸ்வாமிக்கும் குலப்பெயர் ஒன்றே.

அப்பெயரின் மூலபுருஷர், மணவாள மாமுனிகளின் அஷ்டதிக்கஜங்களுள் ஒருவரும் ஸ்ரீவேங்கடேச ஸுப்ரபாதத்தை அருளிச்செய்தவருமான ஹஸ்திகிரிநாதர் அண்ணன். வாதத்தில் எதிரியை வென்றதற்காக நயினாராசார்யர் சாற்றிய விருது இது என்பது ஸம்ப்ரதாயம். மாமுனிகள் அவதரித்தது 1370இல். தலைமுறைக்கு முப்பதாண்டு என்று கொண்டால், இன்றுள்ளோர்க்கும் அண்ணனுக்கும் இடையே ஏறத்தாழ இருபது தலைமுறைகள்.

இக்கணக்கு வெறும் வம்சப் பெருமைக்கன்று. ஏழாம் தலைமுறையோடு ஸபிண்டத்வம் நீங்கும். அதுவரை ஆசௌசம் பத்து நாள். அதற்கு மேற்பட்ட சமானோதகர்க்கு மூன்று நாள். சமானோதக பாவத்துக்குப் பதினான்காம் தலைமுறையை எல்லையாக்குவர் பிற்கால நிபந்தனகாரர். மநுஸ்ம்ருதியின் ஐந்தாம் அத்யாயமோ, பிறப்பும் நாமமும் அறியப்படாதபோதே அவ்வுறவு நீங்கும் என்கிறது. அதாவது ஞாதித்வத்தின் எல்லை ஞானத்தின் எல்லையே! ஏட்டில் பெயரைச் சுருக்கிய குமாஸ்தா இதை நினைத்திருக்க நியாயமில்லை.

ஆயினும் குலப்பெயர் ஒன்றாயிருத்தல் மட்டும் போதாது. ஸ்ம்ருதி வேண்டும் நாமம் முன்னோரின் நாமம், வீட்டின் விருதன்று. கோத்ர ஸூத்ரங்களும் ஒத்தாக வேண்டும். அவை ஒத்தாலும் தத்தம் புகுந்த கிளையில் ரத்த ஸம்பந்தம் வேறாயிருக்கலாம்.

தேடுவார்க்குத் தர்ப்பண நாமங்களே முதற்கருவி. ஒருவர் தம் தர்ப்பணத்தில் மூவரைச் சொல்லுகிறார். அவருடைய பாட்டனார் எழுதிவைத்த நாமங்கள் கிடைத்தால் அவை ஐந்தாம் முன்னோர் வரை ஏறும். ஆனால் பேரனுக்குப் பாட்டன் நாமம் இடும் வழக்கத்தால் ஸ்ரீநிவாஸன், ராமாநுஜன், மீண்டும் ஸ்ரீநிவாஸன் என்று பட்டியல் தானே திரும்பும். எந்த ஸ்ரீநிவாஸனின் தம்பி ஊரைவிட்டுப் போனான் என்பது விளங்காது. அங்கே ச்ராத்த திதியே துணை. சகோதரர் பிரிந்து எங்கே குடியேறினாலும் தகப்பனாருக்கு ஒரே மாஸம், ஒரே பக்ஷம், ஒரே திதியில்தான் ச்ராத்தம் செய்வர். காஞ்சி ஏட்டிலும் கோதாவரிக் கரை ஏட்டிலும் அதே நாமம் அதே திதியோடு காணுமாயின், அது இரு கிளைகள் பிரிந்த இடமாகக் கொள்ளத்தகும். நாமத்தை மட்டும் குறித்து, திதியை எழுதாமல் விட்ட வம்சாவளிகளே இன்று மிகுதி. அவற்றை வைத்திருக்கும் திருமாளிகையார், நினைவுள்ள பெரியோர் இருக்கும்போதே திதிகளைக் கேட்டு எழுதிச் சேர்ப்பது அவசரமான கார்யம்.