பூட்டும் சாவியும் - 6: தாடிக்காரர் வந்தார்

சென்ற வாரம் எங்கே நிறுத்தினோம்? கேரளத்து ஆசிரியர்கள் பாடப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொதித்த இடத்தில்.

கணிப்பொறிப் பாடம் என்ற பெயரில் ஒரே ஒரு கம்பெனியின் சரக்கை நம் பிள்ளைகளுக்கு நாமே ஏன் பழக்கிவிட வேண்டும்? கே.எஸ்.டி.ஏ. ஆசிரியர் சங்கம் கேட்டது இதைத்தான். அந்தச் சண்டையால், யாரும் திறந்து மாற்றக்கூடிய கட்டற்ற மென்பொருளான லினக்ஸுக்கும் வகுப்பறையில் ஒரு இடம் கிடைத்தது. ஆனால் ஓரத்தில். நடுவில் விண்டோஸ்தான்.

ஓரத்தில் நின்றது நடுவுக்கு வந்தது எப்படி?

2006 ஆகஸ்ட். திருவனந்தபுரம். பழவங்காடியில் வழக்கம்போல் தேங்காய் உடைகிறது. பட்டாளத்துக்காரர்கள் பார்த்துக்கொள்ளும் பிள்ளையார் கோயில் அது. புதுக் காரியம் தொடங்குகிறவர்கள் அங்கே ஒரு தேங்காய் போடாமல் நகரமாட்டார்கள். பக்கத்திலேயே சாலைக் கடைத்தெரு. நம் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளியும் அங்கேதான். எம்.ஜி. ரோட்டில் வடக்கே போனால் ஓவர்பிரிட்ஜ், அதைத் தாண்டித் தலைமைச் செயலகம்.

நாற்காலியில் புது முதல்வர், வி.எஸ். அச்சுதானந்தன். வயது 82. பதவியேற்று மூன்றே மாதம்.

அவரைச் சந்திக்க வருகிறார், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன்.

நீண்ட தலைமுடி, அடர்ந்த தாடி. இந்த ஊருக்கு அவர் புதியவர் அல்ல. இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலையில் இதே நகரத்தில் தொடங்கியபோதே வந்தவர்தான்.

இந்த இருவருக்கும் என்ன பொருத்தம்?

ஸ்டால்மனின் கோபம் ஒரு பிரிண்டரில் ஆரம்பித்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்துக்கு வந்த லேசர் பிரிண்டரில் அடிக்கடி காகிதம் சிக்கியது. முந்தைய பிரிண்டரில், காகிதம் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும்படி அவரே நிரல் எழுதிச் சேர்த்திருந்தார். புதியதில் முடியவில்லை. மூல நிரல் பூட்டப்பட்டிருந்தது. கேட்டார். கிடையாது என்றார்கள். அந்த ஒரு மறுப்பை அவர் வாழ்நாள் முழுக்க மறக்கவே இல்லை.

அச்சுதானந்தன் சிறுவயதிலேயே தாயையும் தகப்பனையும் இழந்தவர். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. தையல் கடை, பிறகு ஆலப்புழையில் கயிறு ஆலை. நிரல் எழுதத் தெரியாது. ஆனால் வேலை செய்கிறவனின் கருவி யார் கையில் இருக்கிறது என்று கேட்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருவரையும் இணைத்தது அந்தக் கேள்விதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பள்ளிகளைப் பற்றி ஸ்டால்மன் ஊர் ஊராகச் சொல்லிவந்த வாதம் ஒன்று உண்டு. கம்பெனி பள்ளிக்கு மென்பொருளை இலவசமாகத் தருவது, போதைப் பொருளின் முதல் பொட்டலத்தை இலவசமாகத் தருவது போல. பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போனதும் காசு கேட்பார்கள்.

சந்திப்பு முடிந்தது.

செய்தி உலகமெங்கும் பறந்தது. கேரளத்தின் 12,500 உயர்நிலைப் பள்ளிகள் விண்டோஸை விட்டு விலகுகின்றன!

ஸ்டால்மன் வந்தார், கேரளம் மாறியது என்று எழுதினார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. வெளியூர்க்காரர் ஒருவர் ஒரு மணி நேரம் பேசினால் ஒரு மாநிலத்தின் வகுப்பறைகள் மாறிவிடுமா? டெபியன் என்ற லினக்ஸ் வகையை எடுத்துப் பள்ளிக்கு ஏற்றபடி வெட்டித் தைக்க ஆள் வேண்டும். குறுந்தகட்டோடு பள்ளி பள்ளியாகப் போய் நிறுவ ஆள் வேண்டும். கேரள அரசின் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தில் அந்த ஆட்கள் இருந்தார்கள். யார் அவர்கள்? பெரும்பாலும் பள்ளிகளில் பாடம் நடத்திக்கொண்டிருந்த சாதாரண வாத்தியார்கள். அவர்கள் இல்லையென்றால் முதல்வரின் முடிவு வெறும் காகிதம்.

எல்லாம் சுபம் என்று நினைக்கிறீர்களா? பொறுங்கள்.

அதே ஆகஸ்டில் அதே அரசு இன்னொரு முடிவும் எடுத்திருந்தது. கோக், பெப்சிக்குத் தடை. முதலில் கோலா, இப்போது கணிப்பொறியா, இந்த அரசுக்கு அமெரிக்க கம்பெனி என்றாலே ஆகாதா என்ற பேச்சு கிளம்ப அது போதாதா?

செப்டம்பரில் உயர் நீதிமன்றம் கோலா தடையை ரத்து செய்தது.

ஒன்று விழுந்துவிட்டது. மற்றது?

அதன் உண்மையான சோதனை பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வில் காத்திருந்தது. 2008. லட்சக்கணக்கான பிள்ளைகள். தேர்வு முழுக்கக் கட்டற்ற மென்பொருளில் மட்டும். விண்டோஸில் எழுதுகிறேன் என்று சொல்ல இனி வழியில்லை. நடுவே ஒரு கணிப்பொறி நின்றுபோனால் கைகொடுக்க அந்தப் பள்ளியின் வாத்தியாரை விட்டால் வேறு யாரும் கிடையாது.

அந்த வாத்தியார்களில் பலர், சில வருடங்களுக்கு முன்பு வரை மவுஸைத் தொட்டதே இல்லை!

(அடுத்த வாரம்)