பதினஞ்சு நிமிஷம்னு சொல்லிட்டு வந்த டாக்டர்

உலகத்துல எத்தனையோ சங்கங்கள் இருக்கு. கொடி ஏத்தின நாள், பதிவு பண்ணின நாள்னு எதையாவது பிறந்தநாளாக் கொண்டாடுவாங்க. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமா ஏ.ஏ., கொண்டாடுறது ஒரு டாக்டர் கடைசியா பீர் குடிச்ச நாளை! 1935 ஜூன் 10. அந்த பீரைக் கொடுத்தது யார்னு பார்த்தா, கூடச் சேர்ந்து சங்கத்தை ஆரம்பிச்ச பில் வில்சனேதான். அன்னிக்கு டாக்டர் ஒரு ஆபரேஷன் பண்ண வேண்டியிருந்தது, கை நடுங்கக் கூடாதேன்னு.

பில் நியூயார்க் ஷேர் மார்க்கெட் ஆசாமி. குடியால எல்லாத்தையும் தொலைச்சவர். 1934 டிசம்பர்ல டவுன்ஸ் ஆஸ்பத்திரியில மறுபடியும் சேர்ந்தார். அங்கே இருந்த டாக்டர் சில்க்வொர்த், குடிப்பழக்கத்தை ஒழுக்கக்கேடுன்னு பார்க்காம வியாதின்னு சொன்னவர். அந்தக் காலத்துல அப்படிச் சொன்னவங்க ரொம்பக் கம்மி. ஆஸ்பத்திரியில பில்லுக்கு ஏதோ ஆன்மிக அனுபவம் கிடைச்சதாம். அதுக்கப்புறம் குடியைத் தொடவே இல்லை.

வெளியே வந்தவர் சும்மா இருந்தாரா? கண்ணில் பட்ட குடிகாரர்களுக்கெல்லாம் உபதேசம். ஆறு மாசத்துல ஒருத்தர் கூட திருந்தலை. ஆனா அவர் மனைவி லோயிஸ் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார்: அவங்க திருந்தலைன்னாலும் நீங்க குடிக்காம இருக்கீங்களே! சில்க்வொர்த்தும், பிரசங்கத்தை விட்டுட்டு வியாதியைப் பத்திப் பேசுன்னு சொல்லி அனுப்பினார்.

1935 மே மாசம் ஒரு கம்பெனி நிர்வாகத்தைக் கைப்பற்றுற ஓட்டுச் சண்டைக்காக ஓஹயோ மாநிலத்துல இருக்கிற அக்ரன் ஊருக்குப் போனார். தோத்துட்டார். கையில காசு இல்லை. மேஃப்ளவர் ஹோட்டல் வராந்தாவுல சனிக்கிழமை சாயங்காலம் தனியா நிக்கிறார். ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் டெலிபோனும், ஊர்ச் சர்ச்சுகளோட பட்டியலும். பட்டியலைப் பார்த்து போன் போட்டார்.

இங்கதான் கொஞ்சம் நிக்கணும். போன்ல அவர் தனக்கு ஆறுதல் சொல்ல ஒரு பாதிரியாரையோ டாக்டரையோ கேட்கலை. பேசறதுக்கு இன்னொரு குடிகாரர் கிடைப்பாரான்னு கேட்டார்! தான் குடிக்காம இருக்கணும்னா அதுக்கு இன்னொரு குடிநோயாளி வேணும்னு அவருக்கு அப்போ புரிஞ்சிருந்தது. சுயநலம்தான், ஒத்துக்கலாம். ஆனா இன்னிக்கு வரைக்கும் ஏ.ஏ. ஓடறது இந்தச் சுயநலத்துலதான்.

பல பேரைக் கடந்து கடைசியில குட்இயர் நிறுவனர் வீட்டு மருமகள் ஹென்ரியெட்டா சைபர்லிங் போன்ல கிடைச்சார். அவருக்குத் தெரிஞ்ச டாக்டர் பாப் ஸ்மித் அன்னிக்கு வர்ற நிலைமையில இல்லை. மறுநாள் அன்னையர் தினம்னு மனைவிக்கு ஒரு பூந்தொட்டி வாங்கிட்டு, தள்ளாடியபடி வீட்டுக்கு வந்திருந்தார். ஞாயிறு சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்தார், பதினஞ்சு நிமிஷம்தான்னு கண்டிஷன் போட்டுட்டு. பேசி முடிக்கும்போது ராத்திரி பதினொண்ணு தாண்டியிருந்தது.

பாப் ஏற்கெனவே ரெண்டரை வருஷமா ஆக்ஸ்போர்டு குரூப்னு ஒரு கிறித்தவக் கூட்டத்துக்குப் போயிட்டுதான் இருந்தார். நல்ல மனுஷங்க, ஜெபம், எல்லாம் உண்டு. குடியும் உண்டு. அப்போ பில்கிட்ட என்ன புதுசு? குடியைப் பத்தி சொந்த அனுபவத்துல தெரிஞ்சு பேசின முதல் ஆள் அவர்தான்னு பாப் பின்னாடி எழுதியிருக்கார். அதுக்கப்புறமும் அட்லாண்டிக் சிட்டி மாநாட்டுக்குப் போய் ஒரு தடவை சறுக்கினார். திரும்பி வந்து குடிச்சதுதான் அந்தக் கடைசி பீர். அப்புறம் ரெண்டு பேருமா அக்ரன் ஆஸ்பத்திரிக்குப் போய் மூணாவது ஆளைத் தேடினாங்க. நர்சுகளை அடிச்சுட்டுக் கட்டிலில் கட்டிப் போடப்பட்டிருந்த ஒரு வக்கீல். ஜூலை 4 வெளியே வந்தவர் அப்புறம் குடிக்கவே இல்லை.

இதுக்கு முன்னாடி யாரும் முயற்சி பண்ணலையான்னா, பண்ணாங்க. 1840ல பால்டிமோர் நகரத்துல ஒரு மதுக்கடையில உக்காந்திருந்த ஆறு குடிகாரர்கள் ஆரம்பிச்ச வாஷிங்டோனியன் இயக்கம். இதே மாதிரி அனுபவத்தைச் சொல்றதுதான். லட்சக்கணக்குல சேர்ந்தாங்க. மதுவிலக்கு அரசியல் உள்ள புகுந்தது, பிரபலங்கள் வந்தாங்க, சில வருஷத்துல காணாமப் போச்சு.

ஏ.ஏ. இந்த விஷயத்துல கெட்டி. 1946ல எழுதி 1950ல ஏத்துக்கிட்ட பன்னிரண்டு மரபுகள்ல தெளிவா இருக்கு: வெளி விவகாரத்துல கருத்து கிடையாது, வெளி நன்கொடை கிடையாது, குடியை விடணும்கிற ஆசை மட்டும் இருந்தாப் போதும். அதனாலதான் இன்னிக்கும் கட்டணம் கிடையாது, உண்டியல் சுத்தி வரும், விருப்பமிருந்தா போடலாம். திறந்த கூட்டத்துக்கு வீட்டுக்காரங்க உட்பட யாரும் போகலாம். மூடிய கூட்டம் குடியை விட நினைக்கிறவங்களுக்கு மட்டும். முழுப்பேர் சொல்ல வேண்டாம், பேசாம உக்காந்து கேட்டுட்டும் வரலாம்.

கடவுள் பேச்சு ஜாஸ்தின்னு ஒரு குறை உண்டு. எனக்கும் அது உறுத்துது. 1939ல புத்தகம் வரும்போதே நாத்திகர்கள் சண்டை போட்டு, அவரவருக்குப் புரிஞ்ச கடவுள்னு மாத்த வச்சாங்க. ஆனா 2020ல காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகள், 10,565 பேர் தகவலை அலசினப்போ, தொடர்ந்து குடிக்காம இருக்கறதுல ஏ.ஏ. வழி மத்த சிகிச்சைகளை விட நல்லாவே வேலை செஞ்சது. ஒண்ணு மட்டும் முக்கியம். வருஷக்கணக்கா தினமும் நிறையக் குடிச்சவங்க திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. டாக்டரைப் பார்த்துட்டுதான் நிறுத்தணும். பில் ஆஸ்பத்திரியிலதான் நிறுத்தினார், அந்த வக்கீலும் அப்படித்தான்.

பாப் 1950ல இறந்தார். பில் 1971 ஜனவரி 24. நுரையீரல் போய், கடைசி நாட்கள்ல விஸ்கி கேட்டாராம். யாரும் கொடுக்கலை. 36 வருஷம் குடிக்காமலே போய்ச் சேர்ந்தார்.