அகன்ற வானைப் படம்பிடித்த ஒற்றைக் கை

பெரிய தொலைநோக்கி ஒன்று இருந்தால் வானம் முழுவதும் வசப்படும் என்று எண்ணுகிறோம். உண்மை அதுவன்று, மாணவர்களே! சாவித் துவாரத்தின் வழியே அரண்மனையைக் காண்பதுபோல, அது வானின் சிறு துண்டையே காட்டும். பரவளைய ஆடியில் நடுவே தெளிவாக விழும் விண்மீன், படத்தின் ஓரத்தில் வால் முளைத்ததுபோலச் சிதைந்துவிடும்.

இக்குறையைத் தீர்த்தவர் பெர்ன்ஹார்டு ஷ்மிட். 1879-ஆம் ஆண்டில் எஸ்தோனியக் கரையை அடுத்த நைசார் தீவில் பிறந்தவர். இளமையில் வெடிமருந்துச் சோதனையொன்றில் வலக்கையை இழந்தார். எஞ்சிய கையாலேயே கண்ணாடி தேய்க்கும் கலையில் தலைசிறந்தார்.

1930-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் வானாய்வு நிலையத்தில் அவர் புதிய நிழற்படக் கருவியொன்றை அமைத்தார். பரவளைய ஆடியை விடுத்துக் கோள ஆடியைக் கொண்டார். அது பல திசை ஒளியையும் ஒன்றுபோல ஏற்கும். ஆயினும் அதன் விளிம்பிற்படும் கதிரும் நடுவிற்படும் கதிரும் ஒரே புள்ளியில் குவியா. அப்பிழையை முன்கூட்டியே திருத்த, ஆடியின் வளைவு மையத்தில் மெல்லிய கண்ணாடித் தகடொன்றை நிறுத்தினார். அத்தகட்டின் அடியிலிருந்த காற்றை நீக்கி, அதனைச் சற்றே வளையச் செய்து தேய்த்தார். விடுவித்ததும் வேண்டிய வடிவம் தானே அமைந்தது.

1935-இல் ஷ்மிட் மறைந்தார். அவர் முறையில் அமைந்த 48 அங்குலக் கருவி, கலிபோர்னியாவின் பாலோமர் மலையில் 1949 முதல் 1958 வரை வானின் பெரும்பகுதியைப் படமெடுத்தது. ஒவ்வொரு படமும் பன்னிரண்டு முழுமதிகளை வரிசையாக வைக்கும் அகலமுடையது. அருகிலிருந்த 200 அங்குலத் தொலைநோக்கி எங்கே நோக்கவேண்டும் என்பதற்கு அப்படங்கள் வழிகாட்டின. நம் காவலூரிலும் 1988-இல் 45 சென்டிமீட்டர் ஷ்மிட் கருவியே ‘இராமானுஜன்’ என்னும் சிறுகோளைக் கண்டுபிடிக்க உதவியது.

ஆழ்ந்து காண்பது ஓர் ஆற்றல். பரந்து காண்பது மற்றோர் ஆற்றல். அறிவுக்கு இரண்டும் வேண்டும்.